கொடியில் காய்ந்த கையுறைகள்

ஈரக்கை என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தம்பி மகன் வாயிலிருந்துதான். என் கூடப்பிறந்தவர்களில் கடைக்குட்டித் தம்பிக்கு மூத்த மகன் அவன். ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான், அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் வேன்காரன். ஒரு மத்தியானம் நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தான். ஒரு துண்டை எடுத்து அவனும் மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். என் தம்பியும் பெண் பார்த்து வந்த காலத்தில் இப்படித்தான் என் அம்மாவிடம் வந்து துணி மடித்தான் என்பதால், விஷயம் என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது.

பெண்ணுக்குப் பெயர் என்ன என்று கேட்டேன்.

"எல்லாரும் ஈரக்கைன்னுதான் அத்தை கூப்பிடுவாங்க."

"பெத்தவங்க வச்ச பேரா அது?"

"பெத்தவங்க வச்ச பேர் அவளுக்கே மறந்துபோச்சு. கூப்பிட்டா திரும்ப மாட்டா."

பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசும் ஒரு பார்லரில் அவள் வேலை பார்த்தாள். சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த வேலை தலை அலசிவிடுவது மட்டும். காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரைக்கும் தொட்டித் தண்ணீரில்தான் கை. யாராவது கூப்பிட்டால் துடைத்துக்கொண்டு வரப் பொறுமை இருக்காது, உதறிக்கொண்டே ஓடி வருவாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் மேலெல்லாம் தெறிக்கும். வந்தவர்களின் தோளைத் தொட்டுப் பேசிவிட்டுப் போனால் ரவிக்கையில் அஞ்சு விரலும் ஈரமாகப் பதிந்திருக்கும். அப்படி வந்த பெயர்.

என் தம்பிக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை. பெண்ணின் அப்பா சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போனவர், அண்ணன் தம்பி என்று கேட்க ஆளில்லை, இதுதான் அவன் குறை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். பெண் பார்க்க வந்தேன் என்று சொல்லாமல், தலை அலச வந்தவளைப்போல அந்தக் கடைக்குப் போனேன்.

ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கிய கடை. முன்னால் இரண்டு கண்ணாடி, இரண்டு நாற்காலி. பின்னால் தொட்டி. தொட்டிக்கு மேலே குறுக்கே ஒரு நைலான் கொடி கட்டி, அதில் ரப்பர் கையுறைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றாடி சுற்றும்போது அவை ஆடுவது, யாரோ வரிசையாக நின்று போய்வா என்று கையசைப்பதுபோல இருந்தது. அவள் என் தலையைத் தொட்டிமேல் சாய்த்தாள். கழுத்துக்குக் கீழே துண்டை மடித்து வைத்தாள். தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் நான் எதையும் விசாரிக்கவில்லை, அசந்து தூங்கிப்போனேன். வீட்டுக்கு வந்து என் தம்பியிடம், அண்ணன் தம்பி இல்லாவிட்டால் என்ன, இந்தக் கை வீட்டுக்கு வந்தால் போதும் என்றேன். அந்த வருஷமே கல்யாணம் முடிந்தது.

அவளுக்குத் தொழிலில் நல்ல கண். தலை அலசுகிற இடத்திலிருந்து முடி வெட்டுகிற இடத்துக்கும், அங்கிருந்து சாயம் பூசுகிற இடத்துக்கும் வந்தாள். முடியை வெளிச்சத்தில் ஒருதரம் பிடித்துப் பார்த்தால் போதும், எந்தச் சாயத்தோடு எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். நரையை மறைத்தது தெரியாமல் மறைப்பாள். வேறு கடைகளில் சாயம் பூசிக்கொண்ட என் சின்ன அண்ணன் மனைவி தலையில் தார் ஊற்றியதுபோல இருப்பார். இவளிடம் பூசிக்கொண்டவர்களைப் பார்த்தால் வயது குறைந்ததுபோலத் தெரியுமே தவிர, சாயம் தெரியாது.

கடையை நடத்தியவரை எல்லோரும் கடைக்கார அக்கா என்பார்கள். புருஷன் இல்லை. ஒரே மகளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். சிக்கனமான மனுஷி. ஆனால் ஈரக்கை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வேலை பார்த்தவர். முதுகு வலிக்க ஆரம்பித்ததும், இன்னும் கொஞ்ச நாளில் மகளிடம் போய்விடப்போகிறேன், கடையை நீதான் எடுத்து நடத்த வேண்டும் என்று ஈரக்கையிடம் சொல்லிவிட்டார். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் புருஷன் பெண்டாட்டி இருவரும் கனவு கண்டார்கள். பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் என்று அவர்களுக்குள் சண்டைகூட நடந்தது. இவள் இளம்பச்சை என்பாள். அவன் சிவப்பு என்பான். வேன் சிவப்பு, அதனால் அவனுக்கு எல்லாம் சிவப்பு.

அந்த நேரத்தில்தான் கை கெட ஆரம்பித்தது.

முதலில் மோதிரத்துக்கு அடியில் கொஞ்சம் அரிப்பு. சோப்பு தங்கியிருக்கும் என்று மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். பிறகு விரல் இடுக்கில் சிவந்தது. கடுகு மாதிரி சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், சொறிந்தால் உடைந்து கசியும், காய்ந்தால் செதில் செதிலாக உரியும். விரல் மடிப்புகளில் வெடிப்பு விழுந்தது. எலுமிச்சம்பழம் பிழிய முடியாது, உப்பைத் தொட முடியாது. சட்டைப் பித்தான் போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வாரத்தில் ஒருநாள் கடை விடுமுறை. அன்றைக்குக் கொஞ்சம் தேவலையாக இருக்கும். வேலைக்குப் போன மறுநாளே பழையபடி.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, எண்ணெய் தடவச் சொன்னேன். ஒருத்தி வெந்நீரில் கையை முக்கச் சொன்னாள். முக்கும்போது சுகமாக இருந்தது, அப்புறம் இரண்டு மடங்கு அரித்தது. கடைசியில் மருந்துக்கடைக்காரர் ஒரு களிம்பைக் கொடுத்தார். படர்தாமரை, சொறி, தேமல் என்று எது கேட்டு வந்தாலும் அவர் கொடுக்கும் களிம்பு அது. தடவிய இரண்டாம் நாளே சிவப்பு அடங்கிவிட்டது. அவரைத் தெய்வம்போலப் பேசினாள். களிம்பை நிறுத்தினாள், முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மறுபடி தடவினாள், அடங்கியது. இப்படியே பல மாதம் போனது. புறங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து பளபளத்தது, உள்ளே நரம்பு ஓடுவது தெரிந்தது.

கடையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? தங்கள் தலையையும் அதன்மேல் வேலை செய்கிற கையையும்தான் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக அவளிடமே வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, அவள் சீப்பை எடுத்ததும் தலையை மெல்ல முன்னால் இழுத்துக்கொண்டாராம்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. வேற யாராச்சும் வந்து பண்ணட்டுமே."

அவள் சிரித்துக்கொண்டே சீப்பை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் துண்டுகளை மடிக்கப் போய்விட்டாள். இதை எனக்குச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதே போல இன்னும் சிலர் சொன்ன பிறகு கடைக்கார அக்கா, கை குணமானால்தான் கடையைப் பற்றிப் பேச முடியும், நாற்காலியில் உட்கார வருகிறவள் பயந்தால் கடை எப்படி ஓடும் என்று சொல்லிவிட்டார். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கைதான் கடை, கை போனால் கடையும் போனது.

இது போதாதென்று வேன்காரன் ஒரு காரியம் செய்தான். நாள் முழுவதும் வேனில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டுவான், பெல்ட் போடும் இடத்தில் ஈரம் காயவே காயாது. அங்கே வட்டமாக ஒரு படை வந்தது. ஓரம் தடித்துச் சிவந்து, நடுவில் தெளிந்து, ஒரு வளையல் மாதிரி. ஈரக்கையின் களிம்பு வீட்டில் இருக்கவே இருக்கிறது, எதற்கு இன்னொன்று வாங்க வேண்டும் என்று அதையே எடுத்துத் தடவினான். அரிப்பு நின்றது. ஆனால் வட்டம் அழிந்து, உருவம் தெரியாமல் பரவி, இடுப்பைச் சுற்றித் தொடை வரைக்கும் இறங்கிவிட்டது.

அவ்வளவுதான். அவள் கையிலிருந்துதான் அவனுக்கு ஒட்டிக்கொண்டது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. என் தம்பி மனைவி கெட்டவள் இல்லை, பேரப்பிள்ளையை நினைத்துப் பயந்தாள். ஈரக்கையின் துண்டைத் தனியாகப் போட்டாள், சோப்பைத் தனியாக வைத்தாள். மாவு பிசைகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகும் பேத்திக்குத் தலை வாரிவிடுவதையும் எடுத்துக்கொண்டாள். குழந்தையும், அம்மா கை குத்துது, முடி மாட்டுது என்று பாட்டியிடமே போய் நின்றது. ஊரார் தலையெல்லாம் பார்க்கிறவள் பெற்ற பிள்ளையின் தலையைத் தொட முடியாமல், வாசல்படிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் என் பெரிய அக்காவின் புருஷனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் தடித்த படை, மேலே வெள்ளிச் செதில். உட்கார்ந்து எழுந்த இடத்தில் தவிடு சிந்தியதுபோல இருக்கும். எங்கள் அப்பா வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். மூத்த மாப்பிள்ளை, ஆனால் எந்தக் குழந்தையையும் அவர் மடியில் உட்கார விட்டதில்லை. அவரும் உட்காரச் சொன்னதில்லை. அக்காவோடு ஐந்து பிள்ளைகள் பெற்று, சாகும்வரை ஒரே பாயில் படுத்தார், அக்காவுக்கு ஒரு புள்ளி வந்ததில்லை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஈரக்கையின் துண்டு தனிக் கம்பியில் தொங்குவதைப் பார்த்ததும் எனக்கு அத்தானின் தம்ளர் ஞாபகம் வந்தது. மறுவாரம் இரண்டு பேரையும் கிளப்பி, பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஈரக்கையின் இரண்டு கையையும் வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கையுறை போடாமல் வெறும் கையால் பிடித்தார். ஈரக்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்து வேன்காரன் சட்டையைத் தூக்கச் சொன்னார். படையின் ஓரத்தை ஒரு தகட்டால் லேசாகச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து உள்ளே அனுப்பினார். பதில் வந்ததும் சொன்னார்.

"இவருக்கு வந்தது படர்தாமரை. பூஞ்சை. இது ஒட்டும். அவங்களுக்கு வந்தது அலர்ஜி. அது யாருக்கும் ஒட்டாது. ரெண்டும் வேற வேற."

"அப்ப நான் அவருக்குக் கொடுக்கலையா?"

"நீங்க கொடுக்கல. உங்க களிம்புதான் அதைப் பரப்பிவிட்டுது. அது உங்க அரிப்பை அடக்கும், அவரோட பூஞ்சைக்குச் சோறு போடும்."

வேன்காரன் அந்த நிமிஷத்திலிருந்து யார் முகத்தையும் பார்க்காமல் சுவரில் தொங்கிய படத்தையே படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பூஞ்சைக்கென்று தனி மருந்து எழுதினார். படை மறைந்த பிறகும் சொன்ன காலம்வரை தடவ வேண்டும், பாதியில் விட்டால் திரும்பிவிடும், உள்ளாடையை வெயிலில் காயவைத்து, இடுப்பைத் துடைத்து ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ இது மாதிரி வட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். துண்டைத் தனியாக வைக்க வேண்டியது இவனுக்குத்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஈரக்கையிடம், அடுத்த முறை வரும்போது வேலையில் தொடுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். அவள் ஒரு பை நிறையக் கொண்டுபோனாள். ஷாம்பு, சாயம், சாயம் கலக்கும் கிண்ணம், தூரிகை, கையுறை. டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, சாயம் பூசும்போது எப்போதும் கையுறை போடுவீர்களா என்று கேட்டார். போடாமல் தொடவே மாட்டேன், எங்கள் அக்கா அதில் ரொம்பக் கண்டிப்பு என்றாள் ஈரக்கை. எப்படிப் போடுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்.

அவள் பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். வாயில் வைத்து ஊதினாள். சடக்கென்று உட்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பினாள். வலக்கையுறையாக இருந்ததை இடக்கையில் மாட்டினாள். அவள் எத்தனையோ வருஷமாகத் தினமும் செய்கிற வேலை என்பதால், யோசிக்காமல் கை தானாகச் செய்தது.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார் டாக்டரம்மா. "ஏன் திருப்பினீங்க?"

அந்தக் கடையின் வழக்கம் அது. ஒரு ஜோடிக் கையுறையை ஒருதரம் போட்டு எறிவதில்லை. சாயம் பூசி முடிந்ததும் மேலாகக் கழுவி, கொடியில் காயப்போட்டு, மறுநாள் உள்ளே வெளியே திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். வெளிப்புறம் சாயம் பட்டுப் பிசுபிசுப்பாக இருக்கும், உட்புறம் சுத்தமாக இருக்கும், அதனால் சுத்தமான பக்கம் வெளியே வந்தால் வந்தவர்களுக்குப் பார்க்க நன்றாக இருக்கும் என்று அக்காதான் ஆரம்பித்தார். கிழிகிற வரைக்கும் இந்தப் பக்கம் ஒருநாள், அந்தப் பக்கம் ஒருநாள். டாக்டரம்மா அவள் கையிலிருந்து அதை மெல்ல உருவி, உட்புறத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். விரல் நுனிகளும் இடுக்குகளும் கன்னங்கரேலென்று இருந்தன. அவள் கையில் எங்கெங்கே வெடித்திருந்ததோ அங்கெல்லாம் கறுப்பு.

கைக்குச் சாயம் படாமலிருக்கப் போட்ட கையுறை, நேற்றைய சாயத்தைப் பொழுதெல்லாம் வேர்வையோடு சேர்த்துக் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

சந்தேகம் தீர்வதற்காக அவள் முதுகில் சின்னச் சின்னப் பொட்டுகளாக, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைத் தடவி ஒட்டினார்கள். குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது, சொறியக் கூடாது. அவள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். இரண்டு நாள் கழித்துப் பொட்டுகளை எடுத்தபோது, ஷாம்புக்கு ஒன்றுமில்லை, ரப்பருக்கு ஒன்றுமில்லை. சாயத்தில் கறுப்பு நிறம் கொடுக்கிற சரக்கை வைத்த இடம் மட்டும் செக்கச்செவேலென்று தடித்து, மேலே கொப்புளம் கட்டியிருந்தது.

டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். ஆரம்பத்தில் தலை அலசுகிற வேலையில் தண்ணீரும் சோப்பும் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டன. தோல் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டது. அந்த விரிசல் வழியாகச் சாயம் உள்ளே போனது. உடம்பு அதை எதிரி என்று அடையாளம் வைத்துக்கொண்டது. ஒருதரம் அடையாளம் வைத்தால் ஆயுசுக்கும் மறக்காது.

"கை ஆறிடும். நான் ஆத்திடறேன். ஆனா நீங்க இனிமே டையைத் தொடக் கூடாது."

ஈரக்கை கேட்டாள், "புது கிளவுஸ் போட்டுக்கிட்டா?"

"ஒவ்வொரு தடவையும் புதுசு, நல்ல தடிப்பானது போட்டா ஆபத்து குறையும். இல்லாம போகாது."

கொஞ்சநாள் வேலையை விட்டாள். ஒரு களிம்பை முதலில் தினமும், பிறகு விட்டுவிட்டு, பிறகு நிறுத்தி என்று டாக்டரம்மா சொன்ன கணக்கில் தடவினாள். கை கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத சோப்பு. கழுவி ஒற்றித் துடைத்த ஈரம் காய்வதற்குள் வழுவழுப்பான வெள்ளைக் களிம்பை அப்பிக்கொள்ள வேண்டும். படுக்கும்போது அதன்மேல் பருத்திக் கையுறை. பாத்திரம் துலக்குவதை வேன்காரன் ஏற்றுக்கொண்டான். அவன் இடுப்பு விஷயத்துக்குப் பிறகு வீட்டில் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை.

கை மெல்ல மெல்ல ஆறியது. வெடிப்பு மூடி, தோல் தடித்து, பழைய நிறம் வந்தது. அந்தக் கையை எடுத்துக்கொண்டு கடைக்கார அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அக்காவுக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும்.

"என் கிளவுஸ்தான் உன் கையைத் தின்னுச்சுன்னு சொல்றியா? இருபது வருஷமா நானும் அதையேதான் போடறேன். இந்தா, பாரு என் கையை."

அவர் கையை நீட்டிக் காட்டினார். வழவழவென்று இருந்ததாம். ஒருத்திக்கு வரும், ஒருத்திக்கு வராது என்று டாக்டரம்மா சொன்னதை இவள் எடுத்துச் சொன்னாள். அக்கா கேட்கவில்லை. படித்தவர்கள் எதையாவது சொல்லிப் பயமுறுத்துவார்கள், ஆறிவிட்டது பார், வேலைக்கு வா என்றார். ஈரக்கைக்கும் உள்ளுக்குள் அந்த ஆசைதான். ஆறிய கையைப் பார்க்கப் பார்க்க, டாக்டர் சொன்னது மறந்து அக்கா சொன்னது நிஜமாகத் தெரிந்தது. முடி வெட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லி வேலைக்குப் போனாள்.

ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் மொத்தமாக வந்து இறங்கிய நாளில் அந்த உறுதி உடைந்தது. பெண்ணின் அம்மா, பெரியம்மா, சித்திகள் எல்லோருக்கும் சாயம். கடையில் இருந்த இன்னொரு பெண்ணுக்குக் காய்ச்சல். அக்கா ஒருவர் என்ன செய்வார்? ஈரக்கை புதுக் கையுறைகளைத் தானே வாங்கிவந்து, ஒவ்வொருவருக்கும் ஒன்று மாற்றி ஜாக்கிரதையாகத்தான் பூசினாள். ஆனால் கடைசியில் சாயத்தை அலசும்போது கையுறையைக் கழற்றிவிட்டாள். பூசுவதுதானே சாயம், அலசுவது தண்ணீர்தானே என்று நினைப்பு. பழகிய கை, தண்ணீரைக் கண்டதும் வெறுங்கையாக இறங்கிவிட்டது. கறுப்பாக ஓடிய தண்ணீரில் ஐந்தாறு தலையை அலசி, நடுவில் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கி, கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே கை அரித்தது. அதற்கு மறுநாள் காலையில் கண் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி, முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. கை இரண்டும் கசிந்துகொண்டிருந்தன. குழந்தை பார்த்துவிட்டு அழுதது. வேலைக்கு வராததால் விசாரிக்க வந்த கடைக்கார அக்கா கதவைத் தாண்டி உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்து, தானே வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன்.

உள்ளுக்குச் சாப்பிட மாத்திரை கொடுத்தார்கள், ஈரத்துணி சுற்றிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் இவள் சாய்ந்திருக்க, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அக்காதான் முதலில் பேசினார்.

"கடையை நீயே எடுத்துக்க. டைக்கு ஆள் வச்சுக்கலாம். நீ தொட வேணாம்."

எந்தச் சொல்லுக்காக அவள் இத்தனை காலம் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வீங்கிய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வேணாங்க்கா," என்றாள்.

"கோவமா?"

"கோவமில்ல. அந்தக் கடையில நான் எதைத் தொடாம இருப்பேன்? துண்டுல டை, தொட்டியில டை, சீப்புல டை. ஒருத்தி தப்பாக் கலக்கறதைப் பார்த்தா என் கை சும்மா இருக்குமா? முந்தாநாள் இருந்துச்சா?"

அவளைப் பற்றி அக்காவுக்கும் தெரியும். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிற முதலாளியாக அவளால் இருக்க முடியாது.

வேன்காரன் கொஞ்சநாள் முனகினான். கையில் வந்த கடையை விட்டுவிட்டாளே என்று என்னிடம் வந்து சொல்லி, என் வீட்டுத் துணிகளையெல்லாம் மடித்துவைத்துவிட்டுப் போனான். அவன் அப்பாவுக்குச் சந்தோஷம், மருமகள் இனி வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தான். அவள் இருக்கவில்லை. கை ஆறும்வரைதான் இருந்தாள். அந்த நாட்களில் மகளுக்குத் தினமும் தலை வாரினாள். மகளின் கூட்டாளிகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் வந்து, எனக்கும் வெட்டிவிடுங்கள் என்று வரிசையில் நின்றார்கள். முன்னறையில் ஒரு முக்காலியைப் போட்டு வெட்டிவிட்டாள். பிள்ளைகள் தலையில் சாயம் ஏது? வெறும் தண்ணீர் தெளித்து, சீவி, வெட்டி, உதறி அனுப்ப வேண்டியதுதான். முக்காலி போதாமல் போனபோதுதான் இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கடைக்கார அக்கா தன் கடையை அந்த இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு மகளிடம் போனார். போவதற்கு முன்னால் கொடியை அவரே அறுத்தார் என்றும், அந்தப் பெண்ணிடம் ஒரு கையுறையை இரண்டாந்தரம் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றும் கேள்விப்பட்டேன். தூரத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்கவில்லையாம்.

ஈரக்கைக்குத் தோல் முழுசாகப் பழையபடி ஆகவில்லை. பனிக்காலத்தில் விரல் நுனி கொஞ்சம் வெடிக்கும். ஒவ்வொரு தலைக்கும் பிறகு கையைத் துடைத்து வெள்ளைக் களிம்பைத் தடவிக்கொள்கிறாள். யாராவது கையைப் பார்த்துத் தயங்கினால், இது ஒட்டாதுங்க என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள். வேன்காரன் இடுப்பில் படை போய், கறுத்த தழும்பு மட்டும் இருக்கிறது. களிம்பு என்ற பேச்சை எடுத்தால் அவன் எழுந்து போய்விடுவான். என் தம்பி மனைவி துண்டுகளையெல்லாம் ஒரே கம்பியில் போடுகிறாள், இவன் துண்டைத் தவிர.

இப்போது அவள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தெருவில், செருப்புக்கடைக்கு மேல் மாடியில், சிறுபிள்ளைகளுக்கு மட்டும் முடி வெட்டுகிறாள். இரண்டு நாற்காலி போட்டிருக்கிறாள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அன்றைக்கும் மற்ற நாட்களுக்கும் கையில் இப்போது வித்தியாசம் தெரிவதில்லை.